சாய்ந்து நீந்தியவள்

சென்ற மாதம் பள்ளித் தோழிகள் நாம் அனைவரும் பாளையங்கோட்டையில் ஒன்றுகூடினோம் அல்லவா. அன்றைய மதியப் பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்திருந்த ஒருத்தி, பக்கத்திலிருந்த தன் மகளிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "நான் சொல்லுவேன்லாட்டி, நீச்சல் போட்டியில பக்கத்துப் பிள்ளைய வேணும்னே இடிச்சுட்டு வெளிய வந்தவன்னு, அது இவதான். அப்பமே அம்புட்டு வீம்பு."

எல்லோரும் சிரித்தீர்கள். நான் இலையைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றச் சொன்னேன். பந்தியில் வழக்குப் பேசுவது எங்கள் வீட்டுப் பழக்கம் அன்று. ஆனால் பதில் இல்லாததால் நான் பேசாமல் இருந்தேன் என்று எவரும் கருதிவிடக் கூடாது. பதில் இருக்கிறது. சோற்றுக்கும் பாயசத்துக்கும் இடையில் சொல்லி முடிக்கிற அளவில் அது இல்லை, அவ்வளவுதான்.

வீம்பு என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. 'வேணும்னே' என்ற சொல்லை மறுக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மறுத்துவருகிறேன். இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. சிலர் இன்று உயிரோடு இல்லை. இருப்பவர்களில் சிலருடைய பிள்ளைகளுக்கு நான் கல்லூரியில் பாடம் எடுத்திருக்கிறேன். போட்டி நடந்த ஊரின் பெயரும் வேண்டாம். அங்கே எனக்குச் சம்பந்த உறவு இருக்கிறது.

தொண்ணூறுகள் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்கு இறங்குகிற தெருவில். உனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் கேட்டார்கள். அந்தத் தெருவில் பிறந்தவர்களிடம் கேட்கத் தகாத கேள்வி அது. நடக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை.

என் தந்தை நீதிமன்றத்தில் சிரஸ்தார். நீதிபதிக்குக் கீழே அலுவலகம் முழுவதையும் நடத்துகிற பதவி. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அந்த நாற்காலியை விட்டு இறங்கியதில்லை. என்னைப் பள்ளி நீச்சல் அணியில் சேர்க்க அனுமதி கேட்டு விளையாட்டு ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அவர் கண்ணை மூடி முழுவதையும் கேட்டார். பிறகு தீர்ப்பளித்தார்.

"பிள்ளைக்குப் பதினாலு வயசாச்சு. ஆத்துல குளிக்கது வேற, நாலு பேரு பாக்க நீந்துதது வேற. ஆனா டீச்சர் வீடு தேடி வந்துட்டிய. இந்த ஒரு வருசம் நீந்தட்டும். வெளியூர்ப் போட்டியில ஜெயிச்சு வந்தா மேக்கொண்டு நீந்தட்டும். இல்லன்னா இதோட சரி. அப்பீலு கிடையாது."

"அப்பீலு எதுக்கு சார், ஜெயிச்சுருவா" என்றார் ஆசிரியை.

அம்மா அடுக்களை வாசலில் நின்றபடி, "ஜெயிக்கதெல்லாம் இருக்கட்டும். என்னத்த உடுத்திக்கிட்டு நீந்துவா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அம்மாவே விடையும் கண்டாள். அப்பாவின் பழைய குடைகளைப் பிரித்து, அந்தக் கறுப்புத் துணியில் எனக்கு ஒரு நீச்சல் உடை தைத்தாள். குடைத் துணிதான் சீக்கிரம் காயும், உடம்பு தெரியாது என்பது அவள் கணிப்பு. முழங்கை வரை கை, முழங்கால் வரை கால். குடைத் துணி முக்கோணம் முக்கோணமாக வெட்டப்பட்டது என்பதால் தையல்கள் உடலெங்கும் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. தண்ணீரில் குதித்தவுடன் முதுகுப் பக்கம் காற்று புகுந்து உப்பிக்கொள்ளும். உங்களில் ஒருத்திதான் படித்துறையில் உட்கார்ந்து, "மழை வந்தா உன்னைய விரிச்சுப் பிடிக்கலாமாட்டி?" என்று கேட்டவள். அந்த உடையைப் பின்னர் நான் பார்க்கவில்லை. அம்மாவிடம் கேட்டபோது, ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டியதாகச் சொன்னாள். அதைவிட நேர்த்தியான உடைகளைப் பிற்காலத்தில் பல்கலைக்கழகச் செலவில் அணிந்திருக்கிறேன். அதைவிட உழைப்பில் விளைந்த ஒன்றை அணிந்ததில்லை.

நம் விளையாட்டு ஆசிரியைக்கு நீந்தத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வளையப்பந்தில் பெரிய ஆட்டக்காரர் அவர். பெண்கள் இறங்கிப் பழகக்கூடிய நீச்சல் குளம் எதுவும் அப்போது எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆறு இருந்தது. காலையில் கல்மண்டபத்துப் படியில் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். கழுத்தில் விசில் தொங்கும். ஒரு விசில் கொடுத்தால் இக்கரையிலிருந்து குதித்து, அக்கரையில் நேர் எதிரே நிற்கும் மருதமரத்தின் வேரைத் தொட வேண்டும். தொட்டபின் நீந்தித் திரும்பக் கூடாது. களைத்துப்போய் நடு ஆற்றில் ஒருத்தி மூழ்கினால் இறங்கித் தூக்கத் தம்மால் முடியாது என்பதால் அவர் வகுத்த விதி அது. அக்கரையில் பள்ளி ஆயா மாற்றுத் துணிப் பையோடு காத்திருப்பாள். உடை மாற்றிக்கொண்டு, தலையில் துவாலையைச் சுற்றிக்கொண்டு, பாலத்தின் மேல் நடந்து திரும்புவோம். பேருந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். திரும்பி வந்து, மறுபடி குதிப்போம்.

ஆகவே அந்தப் பருவம் முழுவதும் நான் ஆற்றை ஒரே திசையில்தான் கடந்தேன். இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்துங்கள். வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கார் சாகுபடிக்கு அணை திறந்ததும் ஆற்றின் குணம் மாறிவிடும். அதுவரை முழங்காலில் கூழாங்கல் தட்டுகிற நீர், ஆனி பிறந்தால் மார்புக்கு மேல் ஏறி நம்மை இழுக்கத் தொடங்கும். அந்தப் புதுத்தண்ணீரின் மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது: மலைமண், நசுங்கிய நாணல், எங்கோ மேலே அழுகிய ஒரு மரம். நிறம் காப்பி. முகத்தை உள்ளே வைத்துக் கண்ணைத் திறந்தால் மணல் உறுத்தும். ஆதலால் கண்ணை மூடிக்கொள்வோம். நீரோட்டம் எங்கள் வலப்பக்கத்திலிருந்து வரும். அந்தப் பக்கம் வாயைத் திறந்தால் ஒரு செம்பு தண்ணீர் வயிற்றுக்குள் போகும். ஆகையால் இடப்பக்கமே முகத்தைத் திருப்பி மூச்சு வாங்குவோம். மரத்தை நோக்கி நேராக நீந்தினால் ஆறு நம்மை வண்ணார்பேட்டைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். வலப்பக்கமாக, அதாவது ஓட்டத்துக்கு எதிராகச் சாய்ந்து நீந்தினால்தான் நேர் எதிரே கரையேற முடியும். எவ்வளவு சாய வேண்டும் என்று எவரும் சொல்லித்தரவில்லை. உடல் தானாகக் கற்றுக்கொண்டது.

"மரத்தப் பாத்து வராத, மரத்துக்கு மேல பாத்து வா" என்று ஆயா அக்கரையிலிருந்து கத்துவாள். நான் பார்த்து வருவதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குதித்தால் கை வேரில் போய் முட்டும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இருக்கத்தானே வேண்டும்.

மாவட்டத் தேர்வையும் அதே ஆற்றில் வைத்தார்கள். மற்றப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு துறையில் கரையேறிக்கொண்டிருந்தபோது நான் மருதமரத்தடியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். வெளியூர்ப் போட்டிக்கு நம் பள்ளியிலிருந்து நான் ஒருத்தி மட்டும் தேர்வானேன்.

ஆசிரியையும் நானும் விடியற்காலைப் பேருந்தில் போனோம். அங்கேதான் வாழ்க்கையில் முதன்முதலாக நீச்சல் குளத்தைப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் மணம் வாசலிலேயே வந்து முகத்தில் அறைந்தது. நீலத் தண்ணீர், அதன் அடியில் தெளிவாகத் தெரிந்த தரை, தரையில் கறுப்புக் கோடுகள். அடி தெரிகிற ஆழம் எனக்கு அருவருப்பாக இருந்தது. துணியில்லாமல் நிற்கிற ஆளைப் பார்த்தது போல. தடங்களைப் பிரிக்கிற மிதவைக் கயிறுகள் வெயிலில் நைந்துவிட்டன என்று கழற்றிப் போட்டிருந்தார்கள். "தரைக் கோட்டைப் பார்த்து வாங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கண்ணைத் திறந்து நீந்திய வழக்கமே எனக்கு இல்லை என்பது எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் வலப்பக்கத்துத் தடத்தில் நின்றவள் அந்த ஊர்ப் பெண். ரப்பர்த் தொப்பி, பளபளக்கும் நீல உடை. என் குடைத் துணியை மேலும் கீழும் பார்த்தாளே தவிரச் சிரிக்கவில்லை. அதை அன்றே கவனித்தேன்.

துப்பாக்கி வெடித்தது. குதித்தேன். கண்ணை மூடினேன். இடப்பக்கம் மூச்சு வாங்கினேன். அந்தப் பக்கத்தில் ஒருத்தியின் கை ஓசையும் இல்லை, எல்லோரும் பின்தங்கியிருந்தார்கள். ஜெயித்துவிட்டோம், இனி அப்பா ஒன்றும் சொல்ல முடியாது என்ற நினைப்பில் கையை இன்னும் நீட்டி வீசினேன். அந்தக் கை ஒரு முகத்தில் விழுந்தது.

நிமிர்ந்தபோது நான் வலப்பக்கத்துத் தடத்தின் நடுவில் இருந்தேன். அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்; விரலிடுக்கில் ரத்தம். "வலிக்கா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் யாரோ அவளைத் தூக்கிக் கரையில் விட்டார்கள். மற்றவர்கள் எங்களைத் தாண்டிப்போய்ச் சுவரைத் தொட்டார்கள்.

நடுவர் வெள்ளைத் தொப்பி அணிந்த பெரிய மனிதர். என்னைக் கரையேறச் சொன்னார்.

"ஏம்மா, எந்த ஊரு நீ?"

"திருநெல்வேலி."

"அங்க ஆத்துல எருமையோட நீந்திப் பழக்கமா? முன்னாடி போறவளை மறிச்சு அடிக்கிறதுதான் உங்க ஊர் நீச்சலா?"

"அவ முன்னாடி போகலையே. நான்தான முன்னாடி வந்தேன்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. உண்மையைச் சொன்னேன், அது வாய்த்துடுக்காகப் பதிவாகியது.

பிறகு அவர் ஆசிரியையைத் தனியே அழைத்துப் பேசினார். மாலையில் இன்னொரு போட்டி இருந்தது, நீண்ட தூரம். அதிலும் என் பெயர் இருந்தது. ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்க, "வேண்டுமென்றே இடித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொன்னால் மாலைப் போட்டியில் இறங்கலாம். சொல்லாவிட்டால் பேருந்து ஏறலாம்.

ஆசிரியை என் தலையைத் துவட்டிக்கொண்டே கெஞ்சினார். "ஏட்டி, ஒரு வார்த்தை. சொல்லிட்டுப் போயேன். ஆண்டவர் உன் மனசத்தான பாப்பாரு, வாயையா பாக்கப் போறாரு?"

"ஆண்டவர் மனசப் பாப்பாரு டீச்சர். மத்தவங்க எல்லாரும் வாயத்தான கேப்பாங்க."

"உங்க அப்பா சொன்னது ஞாபகம் இருக்கா? ஜெயிக்காமப் போனா அதோட சரி. சாயந்தரம் நீ இறங்குனா ஜெயிப்ப. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"பின்ன என்னட்டி?"

"இடிச்சேன்னு சொல்லுதேன். வலிச்சிருந்தா மன்னிச்சுக்கோன்னு சொல்லுதேன். வேணும்னேன்னு சொல்ல மாட்டேன். நான் வேணும்னு பண்ணல."

அந்த மாற்றத்தை அவர் நடுவரிடம் போய்ச் சொன்னார். நடுவர் முடியாதென்று தலையை அசைத்தார். மாலைப் போட்டி தொடங்கும்போது நாங்கள் பேருந்தில் இருந்தோம். ஆசிரியை சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோவில்பட்டியில் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் தண்ணீரை இழந்துவிட்டேன் என்பதை முழுதாக அறிந்துதான் மென்றுகொண்டிருந்தேன். அழவில்லை. உங்களில் ஒருத்தி நான் வழியெல்லாம் அழுததாகப் பள்ளியில் பரப்பினாள். அதுவும் பொய்.

திருநெல்வேலிச் சந்திப்பில் அப்பா நின்றிருந்தார்.

"ஜெயிச்சியா?"

"இல்ல."

"தோத்துட்டியா?"

"இல்ல."

"இது ரெண்டுமில்லாம மூணாவது ஒண்ணு உண்டுமா?"

ஆசிரியை நடந்ததைச் சொன்னார். அப்பா வீடு வரும்வரை நடையை வேகப்படுத்தவுமில்லை, குறைக்கவுமில்லை. வீட்டில் செருப்பைக் கழற்றியதும் சொன்னார்: "தோத்துட்டு வந்திருந்தா ஒரு மாதிரி. அடிச்சுட்டு வந்திருக்க. அதுக்கு மேல மன்னிப்பும் கேக்கல. கேட்டா வாயில உள்ள முத்து உதிர்ந்துருமோ?"

"நான் வேணும்னு செய்யல."

"சாட்சி யாரு?"

"நான்தான்."

"தன் வழக்குக்குத் தானே சாட்சின்னா எந்தக் கோர்ட்டுலயும் செல்லாது."

மறுநாள் தலைமை ஆசிரியை அழைத்தார். பள்ளியின் மானம் போயிற்று என்றார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டால் பள்ளி அணியில் தொடரலாம் என்று அவரும் அதே நிபந்தனையை வைத்தார். அப்பாவும் கேள் என்றார். நான் கேட்கவில்லை. அந்த நாள் முதல் எனக்கு ஆறு மூடப்பட்டது. குளிக்கவும் கிணற்றடிதான். வகுப்பில் நான் பெஞ்சுகளுக்கு இடையே நடந்துபோனால் இரு பக்கமும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஏளா, இடிக்கப் போறா" என்பீர்கள். நன்றாக நினைவிருக்கிறது. நினைவிருப்பதற்காக நான் வருந்தவில்லை.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை, சரி. பின் எப்படி அந்தத் தடத்துக்குப் போனேன்?

கையை மறக்கவிடக் கூடாது என்ற பிடிவாதத்தில், பள்ளி விட்டு வந்ததும் முக்காலியில் குப்புறப் படுத்துக் காற்றில் நீந்திக்கொண்டிருந்தேன். ஆசிரியை மழை நாட்களில் எங்களுக்குச் செய்யச் சொன்ன பயிற்சி அது. வாசலைப் பார்த்துப் படுத்து, கண்ணை மூடி, மூச்சு வாங்கி வாங்கிக் கை வீசுவேன். ஒரு மாலை அம்மா விளக்கேற்ற வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏளா, இது என்ன கூத்து? நெதம் பாக்கேன். வாசலப் பாத்துப் படுக்க, எந்திரிக்கும்போது சுவத்தப் பாத்துக் கிடக்க. முக்காலிக்கும் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

கண்ணைத் திறந்தேன். மெழுகிய சிவப்புத் தரையில் முக்காலியின் கால்கள் வலப்பக்கமாகக் கீறியிருந்தன. மறுபடி வாசலைப் பார்த்துப் படுத்து வீசினேன். என் இடது கை வலது கையைவிட நீளமாகப் போய், அதைவிட வன்மையாக இழுத்தது. முக்காலி பைய வலப்பக்கம் திரும்பியது. என்னை இழுக்க ஆறே இல்லாத வீட்டுக்குள், என் உடல் ஆற்றை எதிர்த்துச் சாய்ந்துகொண்டிருந்தது.

அப்பா அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றுமுன் சொன்னேன். "நான் பொய் சொல்லுதேனா இல்லையான்னு பாக்கணும்னா என்னைய ஓடாத தண்ணியில விட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"சாட்சிக்கு."

அந்தச் சொல் வேலை செய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை களக்காட்டுக்குப் போனோம். அங்கே அம்மாவின் தம்பி, என் மாமா, வாழைத்தோட்டம் வைத்திருந்தார். தோட்டத்தில் கருங்கல் கட்டிய பெரிய சதுரக் கிணறு. மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் அசைவற்று, எண்ணெய் போலக் கிடந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றார்.

மாமா வாழைச் சருகு உரிப்பதை விட்டுவிட்டு வந்தார். "என்ன அத்தான், பெத்த பிள்ளையக் கிணத்துல தள்ளியா விசாரண நடத்துதிய? கோர்ட்டுல எடம் இல்லையா?"

"நீரு சும்மா இரும்வே" என்றார் அப்பா. பிறகு எதிர்ச் சுவரில் பம்புக் குழாய் இறங்குகிற இடத்தை என்னிடம் காட்டினார். "அந்தக் குழாயத் தொடணும். கண்ணைத் திறக்கக் கூடாது."

குதித்தேன். சில வீச்சுகளில் கை கல்லில் பட்டது. கண்ணைத் திறந்தால் குழாய் எனக்கு இடப்பக்கம், எட்டாத தூரத்தில் இருந்தது. நான் வலதுகை மூலைப் படிக்கட்டில் இருந்தேன். அப்பா வேறொரு சுவருக்கு நகர்ந்து, அங்கிருந்து குதிக்கச் சொன்னார். அப்போதும் வலது மூலை. தம் மேல்துண்டை அவிழ்த்துக் கொடுத்துக் கண்ணைக் கட்டச் சொன்னார். அப்போதும் அதே மூலை.

"எங்கன விட்டாலும் சோத்தாங்கைப் பக்கமேலா போவுது" என்றார் மாமா. "மாடு செக்குல பழகுன மாதிரி."

அப்பா நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். "ஆத்துல இவ சாயலன்னா எங்க போய்க் கரையேறுவா?" என்று கேட்டார்.

"நேரே நீந்துனா ஆறு சும்மா விடுமா அத்தான்? கொண்டுபோய்க் கடல்லதான் விடும்."

திரும்பி வரும் பேருந்தில் அப்பா எனக்கு முன் இருக்கையில் அமர்ந்திருந்தார். நான்குநேரி தாண்டியதும் திரும்பாமலேயே சொன்னார்: "ஏளா. அன்னைக்கு மன்னிப்புக் கேளுன்னு சொன்னேன்லா. அந்தத் தீர்ப்பு ரத்து."

என் தந்தை தம் வாழ்நாளில் தாமே ரத்து செய்த தீர்ப்பு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இன்று நினைக்கையில் தோன்றுகிறது, அவர் பொல்லாதவர் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது நிரூபணம். மகள் சொல் நிரூபணம் ஆகாது என்று அவர் எண்ணியதைத்தான் நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை என்னோடு பள்ளிக்கு வந்தார். தலைமை ஆசிரியையின் அறையில் உட்காரவில்லை.

"இவ மன்னிப்புக் கேக்க மாட்டாம்மா. கேக்க வேண்டியதில்லன்னு நான் விசாரிச்சுட்டேன்."

"அப்படின்னா நீச்சல் கிடையாது சார்."

"ஆத்துலயா, பள்ளிக்கூடத்துலயா?"

"பள்ளிக்கூடத்துல."

"அப்பம் சரி" என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். கதவருகே நின்றிருந்த விளையாட்டு ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பக்கம் பேச அவருக்கு உரிமை இருந்தது, துணிவு இல்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எழுதாமலும் விடவில்லை.

ஆகையால் தோழிகளே, நம் பள்ளிக்காக நான் அதன் பிறகு நீந்தவே இல்லை. அதை நீங்கள் வெளியேற்றம் என்கிறீர்கள். ஒரு பொய்யைச் சொன்னால் உள்ளே இருக்கலாம் என்றார்கள்; நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு படித்தவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஞாயிறு தோறும் களக்காட்டுக் கிணற்றுக்குப் போனேன். கண்ணைத் திறந்து நீந்தவும், இரு பக்கமும் மூச்சு வாங்கவும், இரண்டு கைகளையும் சமமாக வீசவும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு பழகினேன். கிணறு சிறியது. நாலு வீச்சு போட்டால் சுவர் வந்துவிடும். உடனே திரும்பியாக வேண்டும். அப்படித் திரும்பித் திரும்பியே, சுவரை உதைத்துத் திரும்புவதில் எனக்கு நிகர் ஒருத்தியும் இல்லை என்ற நிலை வந்தது. கல்லூரியில் சேர்ந்த ஆண்டே பல்கலைக்கழக அணியில் எடுத்தார்கள். "எந்தக் கோச்சுகிட்ட இந்தத் திருப்பம் கத்துக்கிட்டே?" என்று அணியின் பயிற்சியாளர் கேட்டார். "கிணற்றில்" என்றேன். அவர் நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார். வெளி மாநிலங்களுக்குப் போனேன், பதக்கங்கள் வாங்கினேன். அவை என் வீட்டில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

கல்லூரியின் இறுதி ஆண்டில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஒன்றில், அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன். நீல உடைக்காரி. வேறொரு பல்கலைக்கழகத்துக்காக வந்திருந்தாள். உடை மாற்றும் அறையில் அவளாகவே என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ குடைத் துணி போட்டுட்டு வந்தவதானே?"

"ஆமா. உன் மூக்கு எப்படி இருக்கு?"

"இருக்கே, பாரு" என்று சிரித்தாள். "நீ மைக்ல பேச மாட்டேன்னு போயிட்டியாமே. எங்க ஸ்கூல்ல ஒரு வாரம் அதான் பேச்சு."

"நான் வேணும்னு இடிக்கல" என்றேன். பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, எவரைக் கண்டாலும் முதலில் வாயில் வருகிற வாக்கியமாக அது ஆகியிருந்தது.

அவள் தொப்பிக்குள் முடியைச் செருகிக்கொண்டே மிக இயல்பாகச் சொன்னாள்: "அது எனக்கு அப்பவே தெரியுமே. இடிக்கணும்னு வர்றவ நான் எங்க இருக்கேன்னு ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பா. நீ கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே முகத்தை வச்சுக்கிட்டு வந்தே. முகத்தைத் தண்ணிக்குள்ள திருப்புறப்போ கண்ணு வேற மூடியிருந்துச்சு. நான்தான் பார்த்தேனே."

நான் கேட்டேன்: "அப்பம் அன்னைக்கே ஏன் சொல்லல?"

"என்னை யாரு கேட்டாங்க? ஒரு துண்டைப் போர்த்தி, குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்து ஓரமா உட்கார வச்சாங்க. அவ்வளவுதான்."

தோழிகளே, இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள். நடுவர் விசாரித்தார். ஆசிரியை விசாரித்தார். தலைமை ஆசிரியை விசாரித்தார். சாட்சி இல்லாமல் ஒரு வார்த்தையும் நம்பாத என் தந்தை கிணற்றுக் கரை வரை வந்து விசாரித்தார். நீங்கள் வகுப்பறையில் ஆண்டு முழுவதும் விசாரித்தீர்கள். எவளுக்காக அத்தனை பேரும் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்களோ, அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த தடங்கள். இரு பக்கமும் மூச்சு வாங்கினேன். அவளை நீளம் முழுவதும் பார்த்துக்கொண்டுதான் நீந்தினேன். திருப்பத்தில் நான் முந்தினேன். கடைசியில் அவள் முந்திச் சுவரைத் தொட்டாள்.

மாலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அவள் சொன்னதை அப்பாவிடம் வரிவரியாகச் சொன்னேன். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

"முதல் சாட்சியக் கூப்பிடாமலே எல்லாரும் தீர்ப்பு எழுதியிருக்கோம்" என்றார் அப்பா. பிறகு, "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டாவது."

"முதல்ல வந்தது யாரு?"

"அவதான்."

"சரி." உடனே சேர்த்துச் சொன்னார்: "அவ நல்ல பிள்ளையாத்தான் இருக்கா. அதுக்காக மனசு எளகி, அந்தப் பழைய மன்னிப்ப இப்பம் கேட்டுத் தொலச்சிராத."

"கேக்கல" என்றேன்.